தலை தட்டி இரண்டு டம்ளர்

ஈரோட்டிலிருந்து மேற்கே முக்கால் மணி நேரம் பஸ்ஸில் போனால் வெட்டுக்காட்டுப்பாளையம் வரும். அங்கே இறங்காதீர்கள். எனக்கு அங்கே சைக்கிள் கடை இருக்கிறது, இறங்கித் தொலைக்க வேண்டியிருக்கிறது. உங்களுக்கு என்ன தலையெழுத்து?

என் கடைக்கு நேர் எதிரே 'கட்டைப் பிரம்மச்சாரிகள் முன்னேற்றச் சங்கம்' என்று ஒரு போர்டு தொங்கும். கல்யாணம் ஆகாதவன் எந்தப் பக்கமாக முன்னேறுவான் என்று நானும் இருபது வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். சங்கத்தில் மொத்தம் நாலு பேர். நாச்சிமுத்து தலைவர். சென்னியப்பன் செயலாளர். ஆறுச்சாமி பொருளாளர், சங்கத்தில் பணம் கிடையாது, ஆனால் பொருள் உண்டு, அதாவது இரண்டு பெஞ்சும் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வும். குட்டியப்பன் வெறும் உறுப்பினர். பதவி இல்லாதவன் ஒருத்தனாவது இருந்தால்தானே மற்ற மூன்று பேரும் பதவியில் இருப்பது தெரியும்?

நாலு பேருக்கும் மூளை இல்லை என்று ஊரில் சொல்வார்கள். அது அபாண்டம். நாலு பேருக்கும் பொதுவாக ஒன்று இருந்தது. அது இன்றைக்கு யாரிடம் இருக்கிறது என்பதில்தான் எப்போதும் குழப்பம்.

போன தை மாதம் நாச்சிமுத்துவுக்கு ஒரு ஜாதகம் வந்தது. பெண் பெயர் அமராவதி. ஈரோட்டில் சொந்தமாகப் பேக்கரி நடத்துகிறவர். வயது முப்பத்தேழு. நாச்சிமுத்துவுக்கு நாற்பத்தொன்று. போட்டோவைப் பார்த்த நிமிஷத்தில் சங்கக் கொள்கை அவர் தொண்டையில் சிக்கிக்கொண்டது. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நான் கேலி பேசுகிற ஆள்தான், ஆனாலும் சொல்கிறேன்: அந்த மனுஷன் அந்தப் பெண்ணை நிஜமாகவே ஆசைப்பட்டார். போட்டோவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சட்டையைத் துவைக்கப் போடாமல் திரிந்தார்.

நாலாம் நாள் அமராவதியே போன் செய்தார். நாலு பேரும் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள்.

"ஏனுங்க, நான் சுத்தி வளைச்சுப் பேச மாட்டனுங்க. இது வரைக்கும் பதினோரு மாப்பிள்ளை பாத்தாச்சு. நான் ஒண்ணு சொன்னா அவிங்க ஒண்ணு செய்யறாங்க. சொன்னதச் சொன்னபடி செய்யற ஆம்பளை எனக்கு வேணும். பழமும் பருப்பும் போட்டு மஃபின் செய்யறது எப்படின்னு இப்பச் சொல்றேன். ஞாயித்துக்கிழமை நாலு மணி பஸ்ஸுக்கு வருவேன். உங்க கையால செஞ்சு வெச்சிருக்கோணும். வேற யாரும் கை வைக்கப்படாது. வாயில வெச்சுப் பாத்துட்டு முடிவு சொல்றேன்."

"மப்பின்னா?" என்று ஆறுச்சாமி நாச்சிமுத்துவின் காதைக் கடித்தார். "குடிச்சா மப்பு ஏறுமுங்களா தலைவரே?"

"கேக்குங்க," என்றது போன். "சின்னக் கிண்ணத்துல வேக வெக்கிற கேக்கு. எழுதிக்கோங்க."

சென்னியப்பன் சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டார். அவருக்குச் சின்ன ரகரம், பெரிய றகரம் என்ற பேதம் கிடையாது. எழுத்துக்குள் ஏற்றத்தாழ்வு பார்ப்பது பாவம் என்பது அவர் கொள்கை.

போனை வைத்ததும் அவசரக் கூட்டம் கூடியது. "வேற யாரும் கை வைக்கப்படாது" என்பதுதான் பிரச்சினை. மற்ற மூன்று பேரும் சும்மா இருக்க வேண்டுமே.

சென்னியப்பன் எழுந்தார். "இத்தன வருசமா ஊரே என்னைய என்ன சொல்லுதுங்க? நாச்சிமுத்துவோட வலது கைன்னு சொல்லுது. அப்ப நான் வெச்சா அது உங்க கைதானுங்க."

"அப்ப நான் எடது கை," என்றார் ஆறுச்சாமி.

"நானுங்க?" என்றார் குட்டியப்பன்.

வெகு நேரம் விவாதம் நடந்தது. கடைசியில் குட்டியப்பன் முழங்கை என்று தீர்மானம் நிறைவேறியது. அவர் கண் கலங்கிவிட்டார். வாழ்க்கையில் அவருக்குக் கிடைத்த முதல் பதவி.

ஞாயிறு காலை வந்து என் வீட்டு இட்லிச் சட்டியைக் கேட்டார்கள். ஓவன் இல்லாவிட்டால் இட்லிச் சட்டியில் மணல் போட்டுச் சூடாக்கி, அதற்குள் கிண்ணங்களை வைக்கலாம் என்று அமராவதி சொல்லியிருந்தார். சட்டியைக் கொடுத்தவன், சட்டி திரும்ப வருகிறவரை கண்ணை எடுக்கக் கூடாது என்று எதிர்க்கடையில் உட்கார்ந்தேன். அதனால்தான் இந்தக் கதை உங்களுக்குக் கிடைக்கிறது.

சென்னியப்பன் புத்தகத்தைத் திறந்து முதல் வரியை வாசித்தார். "மைதா மாவு, தலை தட்டி இரண்டு டம்ளர்."

நாலு பேரும் ஒருவர் தலையை ஒருவர் பார்த்தார்கள்.

"தலைய எதுக்குங்க தட்டோணும்?" என்றார் குட்டியப்பன்.

"மாவுக்கும் தலைக்கும் ஏதோ சம்பந்தம் இருக்குது. பேக்கரி வெச்சிருக்கறவங்க சொன்னா அதுல விசயம் இருக்கும்," என்றார் சென்னியப்பன். "யார் தலைங்கறதுதான் கேள்வி."

"இதுல கேள்வி என்ன இருக்குது? தலைன்னா தலைவர்," என்றார் ஆறுச்சாமி.

நாச்சிமுத்து துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்தார். அமராவதிக்காக எதையும் தாங்குகிற முகம். ஆறுச்சாமி டம்ளர் நிறைய மாவை அள்ளி, தலைவர் தலையில் ஓங்கித் தட்டினார். ணங் என்று சத்தம் என் கடை வரைக்கும் கேட்டது. பாதி மாவு தலையில் கொட்டியது, மீதி பாத்திரத்துக்குப் போனது. இரண்டாவது டம்ளரும் அப்படியே. தலையில் இரண்டு வீக்கம், கச்சிதமாக, பக்கத்துப் பக்கத்தில்.

"மூணு டம்ளர்னு சொல்லாம விட்டாங்களே, நல்ல மனசு," என்றார் நாச்சிமுத்து.

அடுத்த வரி: "மாவை மூன்று தரம் சலிக்கவும்."

இதற்கு விவாதமே தேவைப்படவில்லை. எதையாவது சலிக்க வைக்க வேண்டும் என்றால் சங்கத்தின் ஆண்டறிக்கையைப் படிப்பது என்று நாலு பேருக்கும் தெரிந்திருந்தது. அது ஒன்றில் மட்டும் அவர்களை நான் மெச்சுவேன். சென்னியப்பன் மாவுப் பாத்திரத்தை எதிரே வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, 'பேரன்புமிக்க பிரம்மச்சாரிகளே' என்று ஆரம்பித்தார். இருபத்திரண்டு பக்கம். நன்றியுரை உட்பட.

முதல் தரம் முடிந்ததும் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

"சலிச்சிருக்குதுங்களா?"

"மூஞ்சியே காட்ட மாட்டேங்குதே. அழுத்தமான மாவு போலிருக்குது. இன்னொருக்காப் படி."

இரண்டாம் தரத்தில் ஆறுச்சாமி தூங்கிவிட்டார். மூன்றாம் தரத்தில் தெருநாய் ஒன்று எழுந்து வேறு தெருவுக்குப் போனது. வாசித்து முடித்தபோது சென்னியப்பனுக்கே கொட்டாவி வந்து, அந்தக் காற்றில் மாவு கொஞ்சம் பறந்தது.

"பாருங்க, எந்திரிச்சுப் போவப் பாக்குது," என்றார் குட்டியப்பன். "நல்லாச் சலிச்சுப்போச்சுங்க."

அதற்கப்புறம் பழம். புத்தகத்தில் எழுதியிருந்தது இது: "திராட்சை, பேரீச்சை இரண்டையும் அரை மணி நேரம் ஊர வைக்கவும்." அமராவதி தண்ணீரில் போட்டு ஊற வைக்கச் சொல்லியிருப்பார். ஆனால் பேதம் பார்க்காத சென்னியப்பன் எழுதியது சின்ன ரகரம். பாம்பு ஊரும், பல்லி ஊரும். திராட்சை ஊருமா?

தட்டில் பரப்பி வைத்து, நாலு பேரும் சுற்றி மண்டியிட்டு உட்கார்ந்து உற்றுப் பார்த்தார்கள்.

"கூச்சப்படுது," என்றார் நாச்சிமுத்து. "அந்தப் பக்கம் திரும்பிக்கலாம்."

நாலு பேரும் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். பத்து நிமிஷம் ஆயிற்று. சங்கக் கட்டடத்தில் எறும்புக்குப் பஞ்சமில்லை. சர்க்கரை வாசனைக்குச் சுவரிலிருந்து ஒரு வரிசை இறங்கி வந்தது. குட்டியப்பன்தான் முதலில் திரும்பிப் பார்த்தார்.

"தலைவரே! ஊருதுங்க! திராட்சை ஊருதுங்க!"

நிஜமாகவே ஊர்ந்தது. ஒவ்வொரு திராட்சைக்கும் கீழே ஆறேழு எறும்பு. தட்டை விட்டு இறங்கி, தரையில் ஒரு முழம் தூரம் வந்துவிட்டது. நாச்சிமுத்து கையெடுத்துக் கும்பிட்டார். "அந்தம்மணி சாதாரணப்பட்டவங்க இல்லடா. போன்லயே சொல்லித் திராட்சைய நடக்க வெச்சுட்டாங்க."

பேரீச்சை மட்டும் அசையவில்லை. அதற்கு உடம்பு கனம் என்று மன்னித்து, குட்டியப்பன் ஒரு நூலைக் கட்டி அரை மணி நேரம் வாசலுக்கும் உள்ளுக்குமாக இழுத்துக்கொண்டு நடந்தார். பிறகு எல்லாவற்றையும் எறும்போடு சேர்த்து அள்ளிப் பாத்திரத்தில் போட்டார்கள். எறும்பைத் தட்டிவிட்டால் ஊர்வது நின்றுவிடும் என்று பயம்.

பருப்பு விஷயத்தை ஆறுச்சாமி பொறுப்பேற்றார். "முந்திரியும் பாதாமும் ஒன்றிரண்டாக உடைக்கவும்." நம் வீட்டில் அப்படிச் சொன்னால் பொடியாக்காமல் கொரகொரப்பாகத் தட்டிப் போடுவோம். ஆறுச்சாமி கணக்குப் போட்டார்: ஒன்று, இரண்டாக வேண்டும். மூன்றானால் தப்பு. உடைத்துப் பார்த்து, மூன்று துண்டானதைச் செல்லாது என்று வாயில் போட்டுக்கொண்டார். சில இரண்டாகத்தான் உடைந்தன, ஆனால் ஒரு துண்டு பெரிதாகவும் ஒரு துண்டு சிறிதாகவும் இருந்தது. அவையும் செல்லாது. கால் கிலோ பருப்பில் தேர்ச்சி பெற்றது நாலே நாலு முந்திரி. ஆறுச்சாமிக்கு மத்தியானம் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை.

முட்டையை அடிக்கச் சொல்லியிருந்தது. அதை நான் விவரிக்கப் போவதில்லை. அந்த முட்டைகளுக்கும் ஒரு மானம் மரியாதை உண்டு.

"எல்லாத்தையும் கொட்டி, ஒரே பக்கமாகக் கிளறவும்" என்று வந்தபோது மணி மூன்று. எந்தப் பக்கம் என்று புத்தகத்தில் இல்லை. கிழக்குப் பக்கம் என்று ஓட்டெடுப்பில் முடிவாகி, பாத்திரத்தின் கிழக்குப் பாதியை மட்டும் நாச்சிமுத்து வியர்க்க வியர்க்கக் கிளறினார். மேற்குப் பாதி வறண்ட மாவாகவே கிடந்தது. கரண்டி தவறி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சென்னியப்பன் "எல்லை, எல்லை" என்று எச்சரித்தார்.

அப்புறம்தான் என் சட்டிக்கு வந்தார்கள். சென்னியப்பன் அவசரத்தில் சுருக்கி எழுதியிருந்தார்: "சட்டி சூடாக்க - பத்து நிமிஷம் முன்னாடி."

"முன்னாடின்னா?" என்றார் நாச்சிமுத்து.

"வாசலுக்கு முன்னாடிங்க."

"வாசலுக்கு முன்னாடி எவ்வளவு தூரம்?"

"அதான் எழுதியிருக்குதுங்களே. பத்து நிமிசம்."

ஸ்டவ், மணல் போட்ட என் சட்டி, மாவு, ஆறு கிண்ணம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு நாலு பேரும் வாசலிலிருந்து நேராக நடந்தார்கள். கடையைப் பூட்டிவிட்டு நானும் பின்னால் போனேன். சட்டி போகிறதே! நடுவில் ஒரு சண்டை வந்தது. ஆறுச்சாமியின் நடையில் பத்து நிமிஷமா, குட்டியப்பன் நடையில் பத்து நிமிஷமா? குட்டியப்பனுக்குச் செருப்பு அறுந்திருந்தது. ஆனால் முழங்கைக்கு நடையில் என்ன பேச்சு என்று அவர் வாயை அடைத்துவிட்டு, தலைவர் நடையையே கணக்கு வைத்தார்கள்.

பத்தாவது நிமிஷம் முடிந்த இடம் பஸ் ஸ்டாப்.

அங்கேயே நடுவில் ஸ்டவ்வை வைத்துப் பற்ற வைத்தார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் இவர்களிடம் காரணம் கேட்பதை நிறுத்திப் பல வருஷம் ஆயிற்று. மணல் சுட்டது. நாச்சிமுத்து மாவைக் கிண்ணங்களில் ஊற்றினார். கிழக்குப் பாதி கூழாக வழிந்தது, மேற்குப் பாதி தூளாகக் கொட்டியது. சட்டியை மூடினார்கள்.

"இனி என்ன போட்டிருக்குது?" என்றார் நாச்சிமுத்து. அவருடைய வாழ்க்கை அந்த மூடிக்குக் கீழேதான் இருந்தது.

"கடைசி வரிங்க. 'பொன்னிறமாக வந்ததும் இறக்கவும்.'"

"எது வந்ததும்?"

"அது போடலீங்க. பொன்னிறமா எது வந்தாலும்."

மூடி இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. ஈரோட்டு பஸ் வளைவில் திரும்பி வந்து நின்றது. படியில், தங்க நிறத்தில் பட்டுப்புடவை கட்டி, வெயில் பட்டுத் தகதகவென்று, ஒரு கையில் பையோடு நின்றுகொண்டிருந்தார் அமராவதி.

"வந்திருச்சு!" என்று கத்தினார் குட்டியப்பன். "பொன்னிறமா வந்திருச்சுங்க! எறக்குங்க! எறக்குங்க!"

நாலு பேரும் பாய்ந்தார்கள். ஆறுச்சாமி பையைப் பிடித்தார். மற்ற மூன்று பேரும் அந்த அம்மாவைக் கையைப் பிடித்து, முழங்கையைப் பிடித்து, அலாக்காகத் தூக்கி, கால் தரையில் படாமல் கொண்டுவந்து என் சட்டிக்குப் பக்கத்தில் பதமாக இறக்கி வைத்தார்கள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தவர் ஊத மறந்துவிட்டார்.

"என்னங்க இது?" என்றார் அமராவதி, மூச்சு வாங்க.

"நீங்க சொன்னதுதானுங்க அம்மணி," என்றார் நாச்சிமுத்து. பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று சட்டியையும் இறக்கினார்.

அமராவதி ஒரு கிண்ணத்தை எடுத்து ஒரு வாய் வைத்தார். மேலே மாவுத்தூள், கீழே கூழ், நடுவில் ஏதோ நடமாட்டம். துப்பினார்.

"இதுல எறும்பு இருக்குது!"

"திராட்சை ஊரோணுமுல்லங்க."

"முந்திரி எங்க?"

"ஒண்ணு ரெண்டாகாதது எல்லாம் செல்லாதுன்னு விட்டுட்டமுங்க."

"தலையில என்னங்க வீக்கம்?"

"ரெண்டு டம்ளருங்க."

அமராவதி தீர்மானப் புத்தகத்தை வாங்கிப் படித்தார். ஒவ்வொரு வரிக்கும் நாச்சிமுத்து பக்கத்தில் நின்று, செய்தது செய்தபடி ஒப்பித்தார். ஒரு பொய் இல்லை, ஒரு சாக்கு இல்லை. அந்த அம்மாவின் முகம் சிவந்தது, உதடு துடித்தது. அது கோபமா வேறு ஏதாவதா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஈரோட்டுக்குத் திரும்பும் பஸ் வந்துவிட்டது. அவர் பையை வாங்கிக்கொண்டு ஏறி, படியில் நின்று சொன்னார்:

"ஊருக்குப் போயி லெட்டர் போடறனுங்க."

கல்யாணச் சம்பந்தம் பேச வந்தவர்கள் இப்படிச் சொல்லிவிட்டுப் போனால் அதற்கு என்ன அர்த்தம் என்று தமிழ்நாட்டில் ஆடு மாட்டுக்குக்கூடத் தெரியும். அந்த லெட்டர் ஜென்மத்துக்கும் வராது. எனக்கு நாச்சிமுத்துவைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அவரோ பஸ் மறையும்வரை கையை ஆட்டிவிட்டு, பூரித்துப்போய்த் திரும்பினார்.

"லெட்டர் போடறாங்களாம்டா!"

"எங்க போடுவாங்க?" என்றார் ஆறுச்சாமி. பொருளாளர் அல்லவா, பொருளில்தான் கண். "லெட்டர் போடறதுக்குப் பெட்டி வேணுமுல்லங்க."

"ஈரோட்டுல பெட்டி இருக்குமே."

"இருக்குமுங்க. ஆனா அது ஈரோட்டு லெட்டருக்கு," என்றார் சென்னியப்பன். "நம்மூருக்கு வர்ற லெட்டர நம்மூர்ப் பெட்டியில போட்டாத்தானுங்க நம்மூர்த் தபால்காரர் எடுத்துக் குடுப்பாரு. அந்தம்மணி பாவம், இதுக்குன்னு திரும்ப முக்கால் மணி நேரம் பஸ்ல வரோணுமா?"

நாலு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். பஸ் ஸ்டாப் வேப்பமரத்தடியில், இடுப்பு உயரத்தில், சிவப்பாக நின்றது எங்கள் ஊர்த் தபால் பெட்டி.

மறுநாள் காலை ஈரோட்டில் பேக்கரிக் கதவைத் திறந்த அமராவதி கண்டது இதைத்தான்: குட்டியானை என்கிற சின்ன லாரி ஒன்று, அதற்குப் பக்கத்தில் வேர் மண்ணோடு ஒரு தபால் பெட்டி, அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நாலு ஆண்கள். இதை வண்டிக்காரர் எனக்குச் சத்தியம் செய்து சொன்னார்.

"இதுல போடுங்க அம்மணி," என்றாராம் நாச்சிமுத்து. "அவசரமில்லீங்க. எழுதற வரைக்கும் புடிச்சுக்கறோம்."

அமராவதி கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். உட்கார்ந்து சிரித்தார், எழுந்து சிரித்தார், ரொட்டி வாங்க வந்தவர்களுக்கு ரொட்டி கொடுக்காமல் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பதினோரு பேருங்க. ஒருத்தன் நான் சொன்னதக் காதுல வாங்கல. நீங்க ஒருத்தர்தான் ஒரு வார்த்தை விடாமக் கேட்டிருக்கீங்க. அதுவும் இந்த லட்சணத்துல." பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து, அதில் 'சரி' என்று எழுதி, நாச்சிமுத்துவிடம் நீட்டினார். "இந்தாங்க. படிங்க."

நாச்சிமுத்து இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"குடுக்கறேன்னு நீங்க சொல்லலீங்க. போடறேன்னுதான் சொன்னீங்க."

போட்டார். வேறு வழி? பெட்டி திரும்பி வந்தது. பஸ் ஸ்டாப்பில் வைத்தால் கண்டவன் கடிதமும் வந்து கலந்துவிடும் என்று சங்கத்து வாசலிலேயே இறக்கி வைத்து, மழையில் லெட்டர் நனையாமல் சாக்கைப் போட்டு மூடி, அதன் மேல் நாச்சிமுத்து ஏறி உட்கார்ந்து தபால்காரருக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார். அமராவதி தினமும் போன் செய்து, "படிச்சீங்களா?" என்று கேட்பார். "இன்னும் வரலீங்க அம்மணி. தபால் ரொம்பத் தாமசமுங்க," என்பார் இவர்.

நாலாம் நாள் தபால்காரர் மாரண்ணன் வேர்த்து விறுவிறுத்துத் தெருவில் வந்தார்.

"ஏனுங், எனக்கு ஈரோட்டு லெட்டர் வந்திருக்குதுங்களா?" என்றார் நாச்சிமுத்து.

"எங்கிருந்துங்க வர்றது? ஊர்ப் பெட்டியையே நாலு நாளாக் காணமுங்க. கிணறு, ஓடை, முள்ளுக்காடுன்னு ஒரு எடம் விடாமத் தேடியாச்சு. பெட்டி கெடைக்காம ஒரு லெட்டரும் நகராது."

நாச்சிமுத்துவின் முகம் வாடிவிட்டது. "பெட்டிய எடுத்துட்டுப் போனவன் நல்லா இருப்பானா?" என்று வயிறெரிந்து சபித்தார். நான் கடையிலிருந்து எழுந்து, வாயைத் திறந்தேன். சிரிப்பில் சத்தம் வரவில்லை. அதற்குள் அவர் தபால்காரரின் நிலைமையைப் பார்த்து இரக்கப்பட்டு, ஒரு பக்கமாக ஒதுங்கி, சாக்கைத் தட்டிவிட்டு, பாதி இடம் கொடுத்தார்.

"நடந்து களைச்சுப் போயிட்டீங்க. சித்தெ இதுல உக்காருங்க மாரண்ணா. உக்காந்துட்டு அப்பறம் தேடலாம்."

மாரண்ணன் உட்கார்ந்தார்.